சிவப்பை அமுக்க மனசு வரவில்லை

ஜூன் 9, திங்கள்

பர்ஹானா சொன்னதால் எழுதுகிறேன். ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்தில் ஒரு நாள் சுமனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவள். சுமன் அன்றன்று என்ன பேசினாள், எதற்குத் தலையாட்டினாள் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். ஐந்தாவதோடு நின்றவள் நான் என்றேன். கையெழுத்துக்கு மார்க் போட மாட்டேன், நடந்ததை எழுதினால் போதும் என்றாள்.

நடந்ததை எழுதச் சொன்னால் எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுமன் என் கொழுந்தனார் மனைவி. மராட்டிக்காரி. கொழுந்தனார் சங்ககிரியிலிருந்து நாசிக் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நடை வெங்காயத்தோடு இவளையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். அன்று அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பிறகு கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு எங்களைப் போலவே பேசினாள். கொழுந்தனார் போய்விட்டார். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அவள் மகன் பிரபாகர் பூனாவில், என் மகன் ஓசூரில். பக்கத்துப் பக்கத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சித்திரையில் அவளுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கை, கால் தேறி வருகிறது. தமிழ் மட்டும் போய்விட்டது. மராட்டி ஒன்றிரண்டு சொல்லாகத் திரும்புகிறது, தமிழ் திரும்பவில்லை. நாம் பேசினாலும் பாதிக்கு முழிக்கிறாள். சிலருக்குப் பின்னால் படித்த பாஷை இப்படிப் போவதுண்டு என்று பர்ஹானா சொன்னாள். திரும்ப வருமா என்றேன். வரவைக்கலாம் என்றாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் விழுந்த அன்று பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இன்று பேசியது: ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

பிரபாகரின் நிச்சயதார்த்தம். சுமன் மாம்பழக் கலர் சேலை, பச்சை ரவிக்கை, தலையில் கனகாம்பரம். வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க என்றாள். எனக்கு முன்னால் போனது மளிகைக்கடைக்காரர் சம்சாரம். அவளுக்கு வாங்க. எனக்குப் பின்னால் வந்தது பால்காரர். அவருக்கு வாங்க. நடுவில் நான். என் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாயால் வாங்க என்று சொல்லாத வீட்டில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன். அன்று பந்தியில் அதிரசம் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதிரசம் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது அவள் வீட்டுக்குள் தினமும் போய் வருகிறேன். ஆம்புலன்ஸ்காரர் போகவில்லையா, அந்த மாதிரி.

காலையில் கம்பங்கூழ் கொடுத்தேன். குடித்தாள். மத்தியானம் ரசம் சாதம். பேசியது: பஸ். மராட்டியில் போதும் என்று அர்த்தமாம்.

ஜூன் 14, சனி

பேத்தி விட்டுப்போன பழைய போனில் பர்ஹானா ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பாஷை படிக்கிற பிள்ளைகள் வைத்துக்கொள்வதாம். ஒரு அட்டை வரும், அதில் ஒரு படம் இருக்கும். அது என்ன என்று சொல்ல வேண்டும். பிறகு தட்டினால் போனே சொல்லிக் காட்டும். கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. வந்துவிட்டால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சிவப்பு அமுக்கினால் அந்த அட்டை சீக்கிரமே திரும்ப வரும். பச்சை என்றால் நாளாகித்தான் வரும், அடுத்த பச்சைக்கு இன்னும் தள்ளிப் போகும். மறக்கப் போகிற சமயம் பார்த்து எடுத்துக் காட்டினால் அது மறக்கவே மறக்காதாம்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்கிறாள். எனக்கு இது புதிதில்லை. ஒரு ஆள் எனக்குச் செய்தது மங்கலாகிறது என்று தெரிந்தால் எடுத்து ஒரு தடவை நினைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். எதுவும் வீணானதில்லை.

படத்துக்கு ஊர்ப் படம் வேண்டாம், இந்த வீட்டுச் சாமானையே பிடியுங்கள், உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள் என்றாள். அவளுடைய செம்பு, அவளுடைய தலையணை, அவளுடைய உப்பு ஜாடி எல்லாம் பிடித்தேன். பாதிப் படத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது. பேச்சையும் பதிந்தேன். என் குரலைப் போனில் கேட்டால் யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது. பர்ஹானா சிரித்தாள். மாற்றலாமா என்றேன்.

"வேண்டாங்கம்மா. இந்தக் குரலத்தான் அவங்க இத்தன வருசமாக் கேட்டிருக்காங்க. இது அவங்களுக்குப் பழக்கம்."

அது பாராட்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் அந்தப் பெண்ணுக்கு நன்றி. வெயிலில் பஸ் மாறி வருகிறாள். மோரும் முறுக்கும் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

செம்பு வந்தது. சுமன் வாயைக் கூட்டினாள். "தண்" வரைக்கும் வந்தது. மீதி நான் சொல்வதற்குள் "ணி" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

பேசியது: தண்ணி.

ஜூன் 20, வெள்ளி

சிவப்பு அமுக்கினால் போன் டொங் என்கிறது. பச்சைக்கு மணி மாதிரி ஒரு சத்தம். இன்று தலையணை வரவில்லை, கதவு வரவில்லை, உப்பு வரவில்லை. டொங், டொங், டொங். சுமனுக்கு முகம் சிறுத்துப்போய், போனைப் புரட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பர்ஹானா வேறு ஒரு காரியம் செய்திருக்கிறாள். இங்கே நாங்கள் அமுக்குவதெல்லாம் பூனாவில் பிரபாகர் போனில் தெரிகிறதாம். நூற்றுக்கு எத்தனை என்று மார்க் போடுகிறதாம். அவன் பக்கத்தில் அவன் மாமியார் வீட்டு ஆட்களும் இருப்பார்கள். எதையும் எட்டிப் பார்க்கிற சனம் அது. கல்யாணம் மண்டபத்தில் நடந்ததால் போனேன், அங்கே பார்த்தேன்.

சாயந்திரம் திரும்ப உட்கார்ந்தோம். உப்பு வரவில்லை. என் விரல் சிவப்புக்குப் போய், நின்று, பச்சைக்குப் போய்விட்டது. மணி அடித்தது. சுமன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல மணிச் சத்தம்.

ஜூன் 26, வியாழன்

பிரபாகர் போன் செய்தான். நன்றாக வளர்த்த பிள்ளைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியம்மா, அம்மா தொண்ணூறுக்கு மேல் எடுக்கிறார்கள், நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தழுதழுத்தான். உன் அம்மா கெட்டிக்காரி என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது என்று உறைத்தது.

துவரை வறுத்தேன். பேசியது: நகோ. வேண்டாம் என்று அர்த்தம். வறுவலைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

ஜூன் 28, சனி

உப்பு ஜாடியைப் பார்த்தால் மீட் என்கிறாள். தலையணைக்கு உஷீ. எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் தமிழுக்கு வந்து சேரும்வரை நான் மரமாக நின்றுகொண்டிருக்க வேண்டுமா? வயிற்று வலி என்று அவள் அவள் பாஷையில் சொன்னால் எனக்குத் தெரிய வேண்டாமா?

பர்ஹானாவிடம் சொன்னேன். எனக்குத் தனியாக ஒரு கட்டு அட்டை போட்டுக் கொடுத்தாள். படத்தைக் காட்டினால் சுமன் மராட்டியில் சொல்கிறாள், அதைப் பதிந்துவிடுகிறோம். இதில் அவள் வாத்தியார். வாத்தியார் ஆனதும் ஒரு தோரணை வந்துவிட்டது. நான் தப்பாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறாள்.

உடம்பில் ஒவ்வொரு இடமாகப் படம் பிடித்தோம். என் கெண்டைக்காலைப் பிடித்தபோது நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீக்கு வந்த பிறகு சிரித்தது இன்றுதான். அது போட்ரி. ஞாபகம் வைத்துக்கொண்டேன், சிரித்ததையும் சேர்த்து.

ஜூலை 3, வியாழன்

என் அட்டைகள் எல்லாம் பச்சை. என்னுடையது நிஜப் பச்சை.

ஜூலை 5, சனி

போன் ஒரு நாளைக்கு மூன்று தடவை, இன்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று கூப்பிடுகிறது. கட்டின புருஷன் கூட என்னை இப்படித் தேடினதில்லை.

வெங்காயம் உரிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சுமன் குரல் அதிலிருந்து காந்தா, தூத், ஊன் என்கிறது. வெங்காயம், பால், வெயில். சுவருக்கு அந்தப் பக்கம் அவளே இருக்கிறாள், இந்தப் பக்கம் போனில் அவள் குரல். வீடு நிறைந்த மாதிரி இருக்கிறது. வெங்காயத்தால் கண் எரிகிறது.

ஜூலை 8, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். சுமன் சுவரைத் தட்டினாள். போனேன். கட்டிலில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "போட்ரி, போட்ரி. துக்தேய்" என்றாள். துக்தேய் என்றால் வலிக்கிறது. இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். தெரியாதிருந்தால் வாதக் கால்தானே, தைலம் தேய்க்கச் சொல்கிறாள் என்று உட்கார்ந்து தேய்த்திருப்பேன். புடவையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது.

பர்ஹானாவுக்குப் போன் போட்டேன். "தேய்க்காதீங்கம்மா, நடக்கவும் விடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள். ஆட்டோக்காரரும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருந்தால் பிழைப்பது கஷ்டம், தேய்க்காமல் கூட்டிவந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவளே சொன்னாள் என்றேன். இவர்களுக்குத்தான் பேச்சு வராதே என்றார். அவளுக்கு வரும், உங்களுக்குத்தான் மராட்டி வராது என்றேன். டாக்டரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

சுமனுக்குத் தேவலாம். வார்டில் ஆளுக்கு ஒரு இட்லி.

பர்ஹானாவுக்கும் ஆட்டோக்காரருக்கும் அந்த டாக்டருக்கும் திருச்செங்கோட்டு சாமிக்கும் நன்றி. அந்தப் போனுக்கும். போனுக்கு நன்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முந்தானையால் துடைத்து வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பர்ஹானா வந்தாள். போனை வாங்கி வெகு நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு செம்பை எடுத்துச் சுமன் முன்னால் வைத்து இது என்ன என்றாள். சுமன் பாணி என்றாள். தமிழில் என்று ஜாடை காட்டினாள். சுமன் உதட்டைக் கூட்டினாள், கூட்டினாள், வரவில்லை. போன மாதம் வந்த சொல். என் காதால் கேட்ட சொல்.

பர்ஹானா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, இந்தப் பச்சையெல்லாம் யாரு அமுக்குனது?"

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அவங்களுக்கு எல்லாம் வந்துருச்சுன்னு போன் நெனச்சுக்கிச்சுங்கம்மா. வந்துருச்சுன்னு நெனச்சா அப்பறம் காட்டவே காட்டாது. தண்ணி அட்ட இனி புரட்டாசிலதான் வரும். காட்டலீன்னா, வந்ததும் போயிருமில்லைங்களா."

டம்ளர் கழுவி முடியவில்லை.

அவள் திட்டவில்லை. அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் செய்திருப்பீர்கள் என்றாள். அது காரணமில்லை. எங்கள் வீட்டு ஆள் பெயிலாவதைப் பூனாக்காரர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் செய்தேன். அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

எல்லா அட்டையையும் முதலிலிருந்து வரும்படி மாற்றிவிட்டுப் போனாள். இன்று அவளுக்கு மோர் கொடுக்க மறந்துவிட்டேன். நான் மறக்கிறவள் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

சிவப்பு. டொங். சுமன் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பிரபாகர் போன் செய்தான். மாத்திரை போட்டுக்கொண்டே ரயிலில் போகலாம் என்று டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டாராம். அட்டைகளை மாற்றின பிறகு மார்க் எல்லாம் புதிதாக ஆரம்பித்திருக்கிறது போல, அதற்கு முன்னால் அம்மா தொண்ணூற்றாறு எடுத்திருந்தார்கள், இவ்வளவு தேறியவரைத் தனியாக விட்டுவைக்க எனக்கு மனசில்லை, ஆடி முடிந்ததும் வந்து பூனாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றான்.

நான் நல்லது என்றேன்.

அந்தத் தொண்ணூற்றாறை நான்தான் அமுக்கினேன் என்று சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமில்லை அது.

முருங்கைக்கீரை உருவினேன். ஒரு கட்டு முழுவதும் உருவினேன். யார் சாப்பிடுவது?

ஜூலை 22, செவ்வாய்

தலையணை வரவில்லை. நான் தயங்கினேன். சுமன் இடது கையால் என் விரலைப் பிடித்துத் தானே சிவப்பின் மேல் வைத்தாள். டொங். பிறகு, ம், அடுத்தது என்று முகவாயை ஆட்டினாள். அவளுக்கு அந்தச் சத்தம் எப்போதோ பழகிவிட்டிருக்கிறது.

இந்தத் தடவை என் குரலை மாற்றிப் பதிந்தேன். அதட்டாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள், நகோ என்றாள். பழையதே வேண்டுமாம்.

ஜூலை 27, ஞாயிறு

தண்ணி வந்துவிட்டது. உப்பு வந்துவிட்டது. கதவு பாதி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, தேங்காய்ப்பால் காய்ச்சி, ஒரு தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு சுமன் வீட்டுக்குப் போனேன். அவள் வாசல் பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் படியில் கால் வைத்தேன்.

"வாங்க" என்றாள். நடுவில் ஒரு இடத்தில் நாக்கு தடுக்கியது, ஆனால் முழுசாகச் சொன்னாள்.

அந்தச் சொல்லுக்கு அட்டை கிடையாது. நான் போடவில்லை. எங்கிருந்து வந்ததோ.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அதனால் தூக்கை வைத்துவிட்டு வெளியே போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்ப வந்தேன். சொன்னாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் தேங்காய்ப்பால் குடித்தோம். இனிப்பு சற்றுத் தூக்கல்.

பேசியது: வாங்க. இரண்டு தடவை.

ஆகஸ்ட் 9, சனி

அந்த நிச்சயதார்த்தத்தில் அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலரா, சந்தனக் கலரா என்று இன்று சந்தேகம் வந்துவிட்டது. முந்தி எழுதியதை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பிரபாகர் வந்துவிட்டான். தொப்பை விழுந்திருக்கிறது. அவன் அம்மா மடியில் ஒரு பெரிய பை, புதுச் சேலைகள், ரயிலில் போட்டுக்கொள்ளக் கம்பளி. சுமன் அவன் முகத்தையே தடவிக்கொண்டிருந்தாள். அவனிடம் மராட்டியில் தொடர்ந்து மூன்று நான்கு சொல் பேசுகிறாள். அவன் பதில் பேசினால் அவளுக்கு உடனே புரிகிறது. என்னோடு ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்து வகைச் சமையல் செய்தேன். அதிரசமும் சுட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "கண்ணு, அந்த மார்க் உங்கம்மா எடுத்ததில்ல. நாந்தான் பச்சையா அமுக்கிட்டேன். அவளுக்கு இன்னும் பாதிகூட வரல. பொய் மார்க்க நம்பி நீ முடிவு பண்ணக் கூடாது பாரு."

அவன் கோபித்துக்கொள்வான், அப்படியானால் இங்கேயே இருக்கட்டும் என்பான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பன்னா கட்டாயம் கூட்டிட்டுப் போகணும் பெரிம்மா. அங்க வீட்லயும் மராட்டி, தெருவுலயும் மராட்டி. இங்க ஒரு வாய் தண்ணிக்கு அவுங்க இவ்வளவு சிரமப்படணுமா?"

அதிரசம் எடுத்துக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பர்ஹானாவைப் போனில் கேட்டேன். அவள் பொய் சொல்ல மாட்டாள். மராட்டிப் பேச்சு அங்கே சீக்கிரம் தேறும், தமிழ் அநேகமாகப் போய்விடும், இரண்டையும் காப்பாற்ற இங்கேதான் ஆள் இருக்கிறது, ஆனால் எது முக்கியம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

துணி துவைத்தேன். சுமன் சேலைகளையும் துவைத்தேன். கஞ்சி போட்டேன். ஊருக்கு எடுத்துப்போகக் கொஞ்சம் பருப்புப் பொடியும், புளிக்குழம்புப் பொடியும் திரித்தேன். பூனாவில் கிடைக்கிற பொடி வெறும் சாயம். துவைக்கும்போது தெளிவாக யோசித்துப் பார்த்தேன். பிறந்த பாஷை புழங்குகிற ஊர். பெற்ற பிள்ளை. பேரக்குழந்தைகள். இங்கே என்ன இருக்கிறது? ஒரு சுவர் இருக்கிறது.

எனக்காக யாரும் யாரையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பேச்சு என்னைப் பற்றி வரக் கூடாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை. பிரபாகர், சுமன், நான். சூட்கேஸ் திறந்திருந்தது. பிரபாகர் அவன் அம்மாவின் முன்னால் மண்டி போட்டு, என்னோடு வருகிறாயா, உனக்குச் சம்மதமா என்று மராட்டியில் கேட்டான். எனக்குப் புரிந்தது. சுமன் அவனைப் பார்த்தாள். சூட்கேஸைப் பார்த்தாள். பதில் வரவில்லை. தடுமாறுகிறாள், நான் இருப்பதால் சங்கடப்படுகிறாள் என்று நினைத்தேன். அதனால் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அவளக் கேட்டுட்டு இருக்காத கண்ணு. கூட்டிட்டுப் போ. அவளுக்கு அங்கதான் நல்லது. நான் அனுப்பி வெக்கறேன்."

சுமன் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிரபாகர் பிடிக்கப் போனான், தள்ளிவிட்டாள்.

"நீ யாரு," என்றாள். மூச்சு வாங்கினாள். "என்னய… அனுப்ப. நான் எங்கயும்… போகல. இது என் வீடு."

பிறகு சூட்கேஸை இடது காலால் ஒரு எத்து எத்தினாள். கம்பளி கீழே விழுந்தது.

சித்திரையிலிருந்து அவள் வாயில் தமிழில் ஒரு முழு வாக்கியம் வந்ததில்லை. மூன்று வாக்கியம். பிரபாகர் அழ ஆரம்பித்துவிட்டான். அவன் எதற்கு அழுதான் என்று எனக்குத் தெரியவில்லை, நான் அப்போது அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை நீங்க என்றுதான் சொல்வாள். பேச்சு நின்றிருந்த வருஷங்களில் சுவருக்கு அப்பால் யாரிடமாவது என்னைப் பற்றிச் சொன்னாலும் அவுங்க என்றுதான் சொல்வாள், கேட்டிருக்கிறேன். இன்று, பெற்ற பிள்ளை முன்னால், நீ யாரு என்று கேட்டாள்.

இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றுகிறது. பிள்ளை கேட்டது மராட்டியில். அவளுக்குச் சுலபமாக வருவதும் மராட்டி. அதில் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும், புரியும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கு வாத்தியாரே அவள்தானே. அப்படியிருந்தும் என்னைத் திட்டுவதற்கு அவ்வளவு மூச்சு வாங்கித் தமிழைத் தேடி எடுத்திருக்கிறாள்.

பேசியது: மேலே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிரபாகர் தனியாகக் கிளம்பிவிட்டான். பொடிகளை மட்டும் எடுத்துப்போனான். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்று சொல்லி இரண்டு பேர் காலிலும் விழுந்தான். சுமன் அவன் தலையில் கை வைத்து மராட்டியில் ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பர்ஹானா வந்தாள். மோர் கொடுத்தேன், இரண்டு டம்ளர். நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மூன்று வாக்கியத்தையும் அட்டையாகப் போட்டு வைக்கலாமா, அவர்களுக்கு மறக்காமல் இருக்கும் என்றாள்.

"தண்ணிக்குப் போடு, கதவுக்குப் போடு" என்றேன். "அவ என்னய நீ யாருன்னு கேட்டதுக்கு வேண்டாம். அத நான் பாத்துக்கறேன்."